ஐந்தாம் வகுப்பு அறிவியல் நோட்டு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

மூன்றாம் பருவம் பாதியைத் தாண்டிவிட்டது. விளையாட்டு விழா நல்லபடியாக முடிந்தது. வெளிப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். ஆண்டு விழா ஒத்திகையும் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி நடுவில் பிள்ளைகள் மைதானத்தில் ஒரு மீட்டர் உயரக் குச்சியை நிறுத்தி, பகல் 12 முதல் 1 மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்தார்கள். 12 மணிக்கு நிழல் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். குறைந்துகொண்டே போய் 12.40-ஐ ஒட்டித்தான் 45-க்கு வந்தது, பிறகு மறுபடி நீண்டது. நோட்டுகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பலவற்றில் இந்த எண்களைக் காணோம். ஒயிட்னர் பூசி, ‘நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகச் சிறியது’ என்று பெரியவர்கள் கையெழுத்தில் இருந்தது. சில நோட்டுகளில் பக்கமே இல்லை.

பிள்ளைகள் அளந்ததுதான் சரி. நம் கடிகாரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. நம் கோயம்புத்தூர் 77 டிகிரியில் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் என்றால், ஐந்தரை டிகிரி மேற்கே இருக்கும் இங்கே சூரியன் உச்சிக்கு வர 22 நிமிடம் கூடுதலாகும். பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் பிப்ரவரியில் இன்னொரு 14 நிமிடம் சேரும்.

வகுப்பில் இதை நாங்கள் முதலிலேயே சொல்லிவிடவில்லை. குழுவுக்குக் குழு ஓரிரு சென்டிமீட்டர் ஏன் மாறியது என்று பிள்ளைகளே வாதாடினார்கள். குச்சி சாய்ந்திருந்ததா, டேப்பைப் பூஜ்ஜியத்திலிருந்து வைத்தோமா, மங்கலான நிழல் விளிம்பில் எந்த இடத்தைக் கணக்கில் எடுப்பது என்றெல்லாம் கேள்விகள் வந்தன. எல்லாக் குழுக்களின் எண்களையும் வரைபடத்தாளில் குறித்த பிறகுதான், ‘எல்லாருக்குமே 12-க்கு அப்புறம்தானே குறையுது?’ என்று ஒரு பிள்ளை கேட்டாள். வகுப்பே பரபரத்தது. எண்கள் மாற்றப்பட்ட நோட்டோடு வந்த பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பேச்சில் சொல்ல எதுவுமில்லை. தாங்கள் அளந்ததையே தப்பென்று நம்பி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அடித்தலும் பிழையுமாக நோட்டு இருந்தால் மதிப்பெண் குறையுமோ என்ற உங்கள் கவலை புரிகிறது. குறையாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி வீட்டில் பெரியவர்கள் எழுதிய, அழித்த, புதிதாகப் படியெடுத்த பக்கத்தை மாணவரின் பதிவாக ஏற்க மாட்டோம். எண்ணில் சந்தேகம் வந்தால் பிள்ளை அதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் காரணம் எழுதட்டும். பழைய எண் தெரிய வேண்டும்.

நீங்கள் உதவ வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘எப்படி அளந்தே? பக்கத்துக் குழுவுக்கு என்ன வந்துச்சு?’ என்று கேளுங்கள், போதும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நம் ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். 12.20 வாக்கில் நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே இருக்காது. மொட்டை மாடியில் பிள்ளையோடு நின்று பாருங்கள். குச்சியை நீங்கள் பிடியுங்கள், எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும்.

வேலைக்கு நடுவிலும் தினமும் நோட்டைப் பிரித்துப் பார்க்கிற உங்களால்தான் எங்களால் இவ்வளவு செய்ய முடிகிறது. அளக்கும் டேப்புகள் கொடுத்தனுப்பிய பெற்றோர்களுக்கும், வெயிலில் பிள்ளைகளுக்கு மோர் கொண்டுவந்த அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்