பாரத்தைக் கீழே இறக்கிக் கட்டு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். உன் நலத்துக்குப் பதில் எழுது என்று வழக்கமாக ஒரு வரி போடுவேன். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நீ அனுப்பிய எட்டுப் படங்களும் வந்தன. பெரியவன் தன் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினான். ஏரி, கரையில் கூடாரம், மரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள், ஆவி பறக்கிற ஒரு குவளை. உன் அம்மா ஏரியைப் பார்த்தாள். நான் சைக்கிளைப் பார்த்தேன். பின்பக்கச் சுமை சீட்டுக்கு மேலே ஒரு சாண் எழும்பி நிற்கிறது. அப்படிக் கட்டக் கூடாது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி வலமும் இடமுமாக ஆடியிருக்கும். இறக்கத்தில் ஹேண்டில்பார் உதறியிருக்கும். நீ சொல்லவில்லை, ஆனால் ஆடியிருக்கும். பாரத்தைக் கீழே இறக்கிக் கட்டு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஐந்து வாரமாகப் படம் மட்டுமே வருகிறது. குரல் வரவில்லை. வேலை அதிகம் என்று பெரியவனுக்கு எழுதியிருக்கிறாய். இருக்கும். ஏரிக்கரையில் ஓர் இரவு தங்க நேரம் இருக்கிறவளுக்கு அம்மாவிடம் பத்து நிமிடம் பேச நேரம் இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தை டீக்கடைக்கு எடுத்துப்போய்க் காட்டியவனும் நான்தான். என் மகள் கிளாஸ்கோவிலிருந்து பாலக் என்ற ஊர் வரை சைக்கிள் பாதையிலேயே போய், அங்கிருந்து லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரைக்கு மிதித்து, ஆக ஐம்பது கிலோமீட்டர், கூடாரத்தில் தூங்கி மறுநாள் மதியத்துக்குள் வீடு திரும்பிவிட்டாள் என்று சொன்னேன். எல்லோரும் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். "தனியாகவா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், தனியாகத்தான் என்று பெருமையாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என்னை உறுத்தியது.

போகட்டும். அக்டோபரில் மறுபடி போகப்போவதாகப் படத்தின் கீழே எழுதியிருந்தாய். அதனால் சில விஷயங்கள்.

அந்த ஸ்காட்லாந்து நாட்டில் 2003-இல் சட்டமே போட்டு, வீடுகளுக்கும் பயிர் நிலத்துக்கும் ஒதுங்கி, சிறிய கூடாரத்தோடு ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு யார் வேண்டுமானாலும் தங்கலாம் என்று வைத்திருக்கிறார்கள் என நீ முதலில் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஏரிக்கரையில் சில இடங்களுக்கு மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதி வாங்க வேண்டும், வாங்கிவிட்டேன் என்றாய். சந்தோஷம். அனுமதி வாங்கித்தான் போகிறாய் என்று உன் அம்மாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். 2018-இல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி அத்தனை பிள்ளைகள் போன பிறகு, மலை, கூடாரம் என்ற சொற்களைக் கேட்டாலே அவளுக்குக் கை நடுங்குகிறது. அந்த ஊர் ஈரமான ஊர், தீப்பிடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "அடுப்பு கொண்டுபோகிறாளே" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் அந்தச் சின்ன கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்ற வைக்காதே. துணி பற்றுவது ஒரு பக்கம். மூடிய இடத்தில் எரிகிற அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெளியே வைத்துக் காய்ச்சு. மழை விடவில்லை என்றால் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படு. ஒரு வேளை சூடாகச் சாப்பிடாததால் யாரும் செத்துப்போவதில்லை.

சுமை விஷயத்துக்கு வருகிறேன். 1976-இல், எனக்குப் பதினேழு வயது. சைக்கிள் கடை எல்லாம் பிறகு வந்தது. பத்தமடையிலிருந்து கோரைப்பாய் இருபது கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போவேன். எண்பது கிலோமீட்டர் இருக்கும், ஒரே நாளில் பாரத்தோடு முடியாது. முதல் தடவை இருபது பாயையும் கேரியரின் மேல் குறுக்கே அடுக்கி, என் முதுகு உயரத்துக்குக் கட்டியிருந்தேன். செய்துங்கநல்லூர் தாண்டியதும் எதிர்காற்று பிடித்துத் தள்ளி, வண்டியோடு பள்ளத்தில் விழுந்தேன். அங்கே டீக்கடை வைத்திருந்த பெரியவர்தான் பாயைப் பிரித்துப் பக்கத்துக்குப் பத்தாக, பின்சக்கரத்தின் அச்சுக்கு அருகில் தொங்கும்படி கட்டிக் கொடுத்தார். பாரம் அதே பாரம்தான். வண்டி வேறு வண்டி ஆகிவிட்டது.

நீயும் அப்படியே செய். கனமானது எதுவோ, அது தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர், அடுப்பு, ரிப்பேர் சாமான், எல்லாம் கீழே, பிரேமுக்குள் ஒரு முக்கோணப் பை மாட்டினால் அதற்குள். தூக்கத்துக்கான பை காற்றுப் போல, அது முன்னால் ஹேண்டில்பாரில் கட்டலாம், பிரேக் கம்பியை நெரிக்காமல் பார்த்துக்கொள். வலதும் இடமும் சமமாக இருக்கட்டும். கட்டிய பிறகு தெருவில் நான்கு சுற்று மிதித்துப் பார். பிறகு முதல் ஐந்து கிலோமீட்டரில் இறங்கி, கேரியர் போல்ட் நான்கையும் கையால் தொட்டுப் பார். சுமை ஏற்றிய கேரியரில் போல்ட் கழன்று விழுவது மாதிரி நான் வேறெதிலும் பார்த்ததில்லை. இரண்டு போல்ட் உபரியாகப் பையில் வைத்துக்கொள். டியூப் ஒன்று, பஞ்சர் ஒட்டுகிற சாமான், பம்பு. நீ என் மகள், பஞ்சர் பார்க்க உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எட்டுக் கிலோ ஆகிறது என்று முன்பு சொன்னாய். ஓர் இரவுக்கு அது அதிகம். மறுநாள் மதியம் வீட்டில் இருப்பவளுக்கு இரண்டாவது பாத்திரம் எதற்கு, புத்தகம் எதற்கு, ஜீன்ஸ் எதற்கு? பருத்தித் துணி நனைந்தால் அந்த ஊரில் காயாது, காயாத துணி உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்பளி நூல் பனியன் ஒன்று, காலுறை ஒரு ஜோடி, படுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள. எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார். இது இல்லாவிட்டால் அந்த இரவு என்ன ஆகும் என்று கேள். ஒன்றும் ஆகாது என்றால் வீட்டில் வைத்துவிடு. ஆனால் கீழே விரிக்கிற மெத்தையை மட்டும் குறைக்காதே. எடை குறைப்பவர்கள் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் மார்கழி இரவு ஒன்றில், இருபது பாயைக் கட்டி வைத்துக்கொண்டு, விற்கிற சரக்கு அழுக்காகக் கூடாது என்று வெறும் ஆற்றுமணலில் படுத்தேன். மேலே போர்வை இரண்டு. விடியும்வரை விறைத்தேன். தரை வழியாகத்தான் உடம்புச் சூடு போகும். அதோடு குளிர்காற்று கனமானது, பள்ளத்தைத் தேடித்தான் இறங்கும். தண்ணீருக்குப் பக்கத்தில், படத்தில் இருக்கிறதே அந்த மாதிரி, பள்ளமான இடத்தில் கூடாரம் போடாதே. படித்துறைக்கு மேல்படி போல, கொஞ்சம் மேடான, காற்று லேசாக வருகிற இடம் பார். காற்று இருந்தால் நீ சொன்ன அந்த மிட்ஜ் என்கிற கடிக்கும் சின்னப் பூச்சியும் அண்டாது. காலையில் முழங்கால் மடிப்பில், இடுப்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். அதைப் பிய்த்து எறியாமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. அங்குள்ள உண்ணி காய்ச்சல் கொண்டுவருமாம்.

அக்டோபரில் அங்கே ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்று பெரியவன் பார்த்துச் சொன்னான். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடித்துவிடு. இருட்டில் இடம் தேடுகிறவளுக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாரத்தைக் கீழே இறக்கிக் கட்டு.

உன் சித்தி மகள் கல்யாணம் ஆவணியில் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் வராததைக் கேட்டவர்களிடம் விடுமுறை கிடைக்கவில்லை என்று சொன்னேன். தென்னை மரத்தை வெட்டிவிட்டோம். வேறு செய்தி இல்லை.

கூடாரத்தைப் பற்றி ஒன்று. சென்ற தீபாவளிக்கு நீங்கள் இருவரும் வாங்கியதாகக் காட்டிய பச்சைக் கூடாரம் இரண்டு கிலோ எண்ணூறு என்றாய். இந்தப் படத்தில் இருப்பது சாம்பல் நிறம், ஒரு ஆளுக்கானது. எடை குறைக்க மாற்றினேன், இது ஒன்றே முக்கால் கிலோ என்று எழுதியிருக்கிறாய். நான் வாழ்நாள் முழுக்க சைக்கிளில் எடையை ஏற்றி இறக்கியவன். இரண்டு ஆள் கூடாரத்தைத் துணி ஒரு வண்டியிலும் கம்பி இன்னொரு வண்டியிலுமாகப் பிரித்துக் கட்டினால் ஆளுக்கு ஒரு கிலோ நானூறு. அதுதான் இலகு. இந்தக் கணக்கை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. இரவில் படுத்துக்கொண்டு நானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

நீ எதையும் கேட்க மாட்டாய், சொல்லவும் மாட்டாய். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை எழுதிவிடுகிறேன், பத்தொன்பது வருடமாக எழுதாததை.

2006-இல் பதினோராம் வகுப்பில் பள்ளியில் உனக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். செயின் கவர் உரசுகிறது, ஓவராயில் செய்து தருகிறேன் என்று கடையில் வாங்கி வைத்தேன். உரசியது உண்மை, அரை மணி நேர வேலை. அப்போது கடையில் வாடகைக்கு எட்டு வண்டிதான் மிஞ்சியிருந்தது. ஊரெல்லாம் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. உன் வண்டி புதிது, கேட்கிற ஆள் இருந்தது. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் 9 என்று எண் எழுதினேன். மணிக்கு மூன்று ரூபாய். ஏழு மாதம் ஓட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் நீ கடை வாசலைக் கடந்து நடந்து போனாய். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனதை உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வாசலில் நிற்கிற ஒன்பதாம் எண் வண்டியை நீயும் பார்த்தாய். எனக்குத் தெரியும், ஒருநாள் அதன் மணியை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாய். என்னப்பா இது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. திருப்பித் தந்தபோது எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், முழுதாகப் போகவில்லை. அந்தத் தடத்தோடுதான் நீ பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாய். உன் அம்மாவிடம் இன்றுவரை ஓவராயில் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்கு முன் அவளிடம் சொல்லப்போகிறேன்.

பதினாறு வயதுப் பிள்ளை தகப்பனிடம் கேட்கப் பயந்து மழையில் நடக்கும்படி வைத்தது நான். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எது நடந்திருந்தாலும், நடக்காமல் இருந்தாலும், நான் கத்த மாட்டேன். உன் அம்மாவும் மாட்டாள்.

பார்சல் ஒன்று தனியாக வருகிறது. கடையில் மிச்சமிருந்த பழைய டியூபைக் கழுவிக் காயவைத்து, விரல் அகலத்துக்கு எட்டுப் பட்டை வெட்டியிருக்கிறேன். நீங்கள் அங்கே வாங்குகிற கொக்கி வைத்த கயிறு குலுங்கலில் தெறிக்கும். டியூப் பட்டை தெறிக்காது. இழுத்துச் சுற்றி, நுனியைச் சுற்றுக்குள்ளேயே செருகிவிடு, முடிச்சு வேண்டாம். ஒரு வண்டிக்கு நான்கு போதும். மீதி நான்கை இன்னொரு வண்டிக்கு என்று நினைத்துத்தான் வெட்டினேன். தேவைப்படாது என்றால் அதை மட்டும் ஒரு வரி எழுது, போதும்.

வாசல் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரவு உனக்கு மாலை நேரமாக இருக்கும். நான் பதினொரு மணி வரை விழித்திருப்பேன்.

அப்பா