கிறிஸ்துமஸை ஒருவர் தலையில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் வந்தால் உங்கள் இணைப்பிதழில் என்ன சமைக்கலாம், வீட்டை எப்படி அலங்கரிக்கலாம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, அதில் குறை இல்லை. ஆனால் அத்தனையும் செய்து முடித்த பிறகு பாத்திரம் யார் கழுவுவது, வந்தவர்கள் எங்கே படுப்பது, யார் யாருக்கு என்ன வாங்கினோம் என்பதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது, இதைப்பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பதினான்கு பேர் கூடுவோம். அம்மா இருந்தவரை அது தானாக நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் போன பிறகு வந்த முதல் டிசம்பரில்தான் விஷயம் புரிந்தது. நாங்களும் அத்தனை வருடம் ஓடியாடி வேலை செய்தவர்கள்தான், ஆனால் எதை எப்போது செய்யவேண்டும் என்பது முழுக்க அவர் ஒருவர் மண்டைக்குள் இருந்திருக்கிறது. 24ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு விளக்குச் சரத்தை எடுத்தால் பாதி எரியவில்லை, அண்ணன் மகளுக்கு இரண்டு பேர் ஒரே பொம்மையை வாங்கியிருந்தோம், சித்தப்பாவுக்கு யாருமே எதுவும் வாங்கவில்லை. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த வருடத்திலிருந்து ஒரு வேலையை ஒருவர் எடுத்தால் அதை ஞாபகம் வைப்பதும் அவர் பொறுப்பு என்று முடிவு செய்தோம். பரிசுகள் தம்பி பொறுப்பு என்றால் பட்டியல் போடுவது, வாங்குவது, தாள் சுற்றுவது, பெயர் எழுதுவது, டேப் தீர்ந்தால் போய் வாங்கி வருவது வரை எல்லாம் தம்பிதான், நடுவில் வந்து அண்ணியிடம் "அப்புறம் என்ன?" என்று கேட்கக்கூடாது. முதல் வருடம் கொஞ்சம் சொதப்பினான். சொதப்பட்டும் என்று விட்டுவிட்டோம், இரண்டாம் வருடம் சரியாகிவிட்டது.

பரிசு விஷயத்தில் இன்னொன்று. பெரியவர்கள் ஒன்பது பேர், ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேருக்கு வாங்கினால் 72 பொட்டலம்! சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்று எடுத்தால் ஒன்பதோடு முடிந்தது. இவ்வளவுக்குள்தான் வாங்கவேண்டும் என்று ஒரு தொகையையும் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பணம் குறைவாக இருப்பவர் மனசுக்குள் தவிக்காமல் இருப்பார். குழந்தைகளின் பொம்மைக்குப் பேட்டரி வேண்டுமா என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கும், வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பட்டன் பேட்டரி போட்ட பொருளாக இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சின்னப் பிள்ளை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம், விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய விஷயம் அது.

வேலைகளைப் பிரித்துப் போட ஆலய நாட்காட்டியே போதும். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தில், அதாவது அதற்கு முந்தைய வாரங்களில், நான்கு ஞாயிறு வருகிறது. முதல் ஞாயிறு யார் வருகிறார்கள் என்ற கணக்கு, இரண்டாவது பரிசு, மூன்றாவதில் வீடு சுத்தம் செய்வதும் விளக்குகளைச் செருகி எரியவிட்டுப் பார்ப்பதும். ஒயர் உரிந்த சரத்தை டேப் ஒட்டிச் சமாளிக்காமல் தூக்கிப் போடுங்கள். நான்காவது ஞாயிறுக்கு நாங்கள் எந்த வேலையும் வைப்பதில்லை. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும், சில வருடம் நான்காவது ஞாயிறே 24ஆம் தேதியாக வந்துவிடும், 2023இல் அப்படித்தான் வந்தது. அந்த மாதிரி வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு வாரம் குறைந்துவிடுகிறது.

சமையலைப் பற்றி எழுத உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் எத்தனை பர்னர், ஃப்ரிட்ஜில் எத்தனை தட்டு என்று பார்த்துவிட்டு என்ன சமைப்பது என்று முடிவு செய்யுங்கள். "ஏதாவது கொண்டு வாங்க" என்று விருந்தாளியிடம் சொன்னால் நான்கு பேர் இனிப்பு கொண்டு வருவார்கள், இன்னது, இத்தனை பேருக்கு என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. உறைந்த இறைச்சியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளக்க இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் பிடிக்கும், 25 காலையில் எடுத்து வெளியே வைத்தால் வேலைக்கு ஆகாது. மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாமல் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி யார் வீட்டுக்கு எப்போது போவது என்பதுதான். புருஷன் வீடா, பெண்டாட்டி வீடா என்று வருடா வருடம் ஒரு மனஸ்தாபம். 25 ஒரு நாள்தான் கிறிஸ்துமஸ் என்று யார் சொன்னது? ஞானிகள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழா வரைக்கும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, 28ஆம் தேதி போய் நின்றாலும் அது கிறிஸ்துமஸ்தான், கூட்டமும் இருக்காது, பெரியவர்களோடு நிதானமாக உட்கார்ந்து பேசலாம். என் அக்கா இப்போது அப்படித்தான் வருகிறாள். முதலில் கோபித்துக்கொண்ட அப்பா இப்போது அந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், எதையாவது விடவும் பழகவேண்டும். ஒரு வருடம் எல்லாரிடமும், குழந்தைகள் உட்பட, எது இல்லாவிட்டால் உனக்குக் கிறிஸ்துமஸ் மாதிரி இருக்காது என்று கேட்டோம். நள்ளிரவு ஆராதனை என்றார்கள், மரத்தில் கடைசி நட்சத்திரத்தை யார் மாட்டுவது என்ற சண்டை என்றாள் ஒருத்தி, எல்லாரும் ஒரே அறையில் படுத்துக் கதை பேசுவது என்றான் இன்னொருவன். நாங்கள் மூன்று நாள் உட்கார்ந்து கையாலேயே செய்யும் வாழ்த்து அட்டைகளை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நிறுத்திவிட்டோம். இன்றுவரை யாரும் கேட்கவும் இல்லை, எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

26ஆம் தேதி மத்தியானம் ஒரு நோட்டை எடுத்து எது மிஞ்சியது, எது பற்றவில்லை, எத்தனை தட்டு இரவல் வாங்கினோம், அலங்காரச் சாமான் எந்தப் பெட்டியில் போனது என்று எழுதிவையுங்கள். ஒரு வாரம் போனால் மறந்துவிடும். அம்மாவிடம் நாங்கள் கேட்டு எழுதியிருக்கவேண்டியது அந்த நோட்டைத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் நவம்பர் மாதக் கடைசியிலேயே போடுங்கள். 24ஆம் தேதி போட்டால், யாருக்காக எழுதினேனோ அவர்களுக்குப் பேப்பரைப் பிரிக்கக்கூட நேரம் இருக்காது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்