வெயில் நாட்டுக்கும் தேர்மோஸ்ரற் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் வாகனம் அளவுமீறிச் சூடேறுகிறதென்று கராஜுக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் முதற்காரியமாக, எஞ்சினின் சூடான நீர் அதைக் குளிர்விக்கும் றேடியேற்றருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிடுகிறார்கள். "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை, குளிர் நாட்டுக்காரருக்குச் செய்தது" என்ற விளக்கமும் கூடவே கிடைக்கும். இவ்விளக்கம் தவறானது.

எஞ்சின் சீராக இயங்குவதற்குப் பெரும்பாலும் 90 பாகை செல்சியஸை அண்டிய வெப்பநிலை தேவை. வெளியே மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும் இரண்டுமே அதற்கு வெகு கீழேதான். தேர்மோஸ்ரற்றினுள் அடைக்கப்பட்டுள்ள மெழுகு, பல வாகனங்களில் நீர் 82 பாகையளவை எட்டும்போது உருகி விரிந்து, வில்லின் விசையை மீறி வால்வைத் திறக்கத் தொடங்கி, 95 பாகையளவில் முழுமையாகத் திறந்துவிடுகிறது. இடைப்பட்ட நிலைகளில், றேடியேற்றருக்குப் போகும் நீரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் அது எஞ்சினின் சூட்டைக் காத்துக்கொண்டிருக்கும்.

அதைக் கழற்றியபின், ஏ9 வீதியில் புளியங்குளத்திலிருந்து மாங்குளம் வரை தடையின்றி ஓடும் வாகனத்தில், எதிர்க்காற்று நீரை மிகையாகக் குளிர்வித்துவிடும். மீற்றர் முள் தாழ்ந்து நிற்பதைக் கண்டு சாரதி மகிழ்வார். ஆனால் எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறதெனக் கருதும் வாகனக் கணினி கூடுதலாகப் பெற்றோலைத் தெளிக்க, எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே ஒயிலில் கலந்து அதன் தரத்தைக் கெடுக்கும். பல யப்பானிய எஞ்சின்களில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. அவற்றில் தேர்மோஸ்ரற் திறக்கும்போது அதன் அடித்தட்டு, நீர் றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை அடைத்துக்கொள்ளும். கழற்றினால் அவ்வழி எந்நேரமும் திறந்தே கிடப்பதால், நெல் மூட்டைகளோடு போகும் வாகனம் முன்னரைவிடவும் சூடேறக்கூடும்.

சூட்டின் மூலத்தைப் பெரும்பாலும் வேறிடத்தில்தான் தேட வேண்டும். எமது பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெண்படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்து அவற்றை அடைக்கிறது. சோடாப் போத்தலில் கிணற்று நீரை நிரப்பி வண்டிக்குள் வைத்திருந்து ஊற்றும் வழக்கத்தைக் கைவிட்டு, காய்ச்சிவடித்த நீரில் கலந்த கூலன்றை, அதாவது எஞ்சினைக் குளிர்விப்பதற்கான திரவத்தை, பயன்படுத்துவது நல்லது. றேடியேற்றர் மூடியையும் பலர் கவனிப்பதில்லை. உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்து, கூலன்றின் கொதிநிலையை 120 பாகையளவுக்கு உயர்த்துவது அதுதான். அதன் றப்பர் நைந்துபோனால் நீர் முன்கூட்டியே கொதித்து வெளியேறும். மூடியை மாற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவை, ஏற்கனவே தொழிலில் உள்ள கராஜ்காரருக்கும் இதுபற்றி ஒரு குறுகிய பயிற்சியை நடத்தினால் பெரும் பயன் கிட்டும். அதுவரை, சந்தேகத்திற்குரிய தேர்மோஸ்ரற்றை வீசுமுன் ஒரு பாத்திர நீரில் அமிழ்த்திச் சூடாக்கி, அது திறக்கிறதா என்று வாடிக்கையாளர் முன்னிலையிலேயே பார்க்கலாம். திறக்காவிட்டால் புதியதொன்றைப் பூட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்.