எங்கள் பால் கணக்குச் செயலிக்கு வழி விடுங்கள்: கூகுள் ஆண்ட்ராய்டு பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆண்ட்ராய்டு பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் பால் ஊற்றும் வீடுகள் நாற்பதுக்கு மேல். காலையும் மாலையும் கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போவார்கள். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றையும் குறித்த துண்டுச் சீட்டு கைக்கு வரும். அந்தச் சீட்டு முந்தானையில் முடிந்து கசங்கும், மாட்டுக் கொட்டகையில் நனையும். பத்து நாள் கழித்துப் பணம் வாங்கப் போகும்போது பாதிச் சீட்டு காணாமல் போயிருக்கும். மூன்று வருடங்களுக்கு முன்னால் என் பெரியம்மாவுக்காக ஒரு சின்னச் செயலி எழுதினேன். மூன்று எண்களைத் தட்டினால் அன்றைய தொகையைச் சொல்லும், பத்து நாள் கூட்டுத்தொகையைக் காட்டும். அவ்வளவுதான். எழுத்து பெரிதாக, எல்லாம் தமிழில் இருக்கும். இணையத்தில் நுழையும் அனுமதியைக்கூட அது கேட்பதில்லை.

ஒருமுறை 4.2 என்று இருக்க வேண்டிய கொழுப்பு 2.4 என்று பதிவாகியிருந்தது. பெரியம்மா போனை நீட்டிக் காட்டினார். செயலாளர் பார்த்துவிட்டு அங்கேயே திருத்திக் கொடுத்தார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்து கேட்டார். அப்புறம் அவருடைய நாத்தனார். இன்று முப்பத்தெட்டு போன்களில் அது ஓடுகிறது. எல்லாம் நான் வாட்ஸப்பில் அனுப்பிய ஏபிகே கோப்பிலிருந்து, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பிலிருந்து, போட்டுக்கொண்டவை.

2025 ஆகஸ்ட் மாதம் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்ததிலிருந்து அந்த முப்பத்தெட்டு போன்களையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செயலி எழுதுகிறவர் உங்களிடம் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்து, அடையாளத்தை நிரூபித்து, செயலியின் பெயரையும், அது யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பச் சாவியையும் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் உங்கள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் அந்தச் செயலியை நிறுவ முடியாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் வரும் என்றீர்கள். பிளே ஸ்டோர் பக்கமே போகாமல் நேரடியாகக் கொடுக்கும் செயலிக்கும் இதே விதிதான்.

எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். போன வருடம் தை மாதம் எங்கள் தெருவிலேயே நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே வந்தது. தை மாதம், நாளுக்கு நாலு பத்திரிகை வரும் காலம். திறந்தார். கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி என்று தட்டினார். குறுஞ்செய்தியைப் படிக்கும் உரிமை அதற்குப் போய்விட்டது. விடிவதற்குள் கணக்கிலிருந்து அறுபத்து நாலாயிரம் ரூபாய் எடுத்துவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் சொல்லும்போது பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவர் கை நடுங்கியதில் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போதும் வாட்ஸப்பில் பேரனின் படம் வந்தால்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார். இணையத்திலிருந்து நேரடியாக வரும் செயலிகளில், பிளே ஸ்டோரில் இருப்பதைவிட 50 மடங்குக்கு மேல் தீம்பொருள் இருக்கிறது என்கிறீர்கள். அதோடு நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் அந்தப் பத்திரிகைச் செயலி எதை வைத்துத் திருடியது? குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியை வைத்துத்தான். கதவு அங்கே இருக்கிறது, பூட்டையும் அங்கேதான் போட வேண்டும். அந்த வேலையை நீங்களே தொடங்கியும் இருக்கிறீர்கள். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கு அணுகல்தன்மை வசதியும் (திரையில் இருப்பதைப் படித்து, பயனருக்குப் பதிலாகத் தட்டவும் விடும் வசதி) அறிவிப்புகளைப் படிக்கும் வசதியும் எளிதில் கிடைக்காதபடி செய்தது. போனில் உள்ள செயலிகளைச் சோதிக்கும் உங்கள் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட், 2024இல் சிங்கப்பூரில் தொடங்கிய சோதனைத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறுஞ்செய்தி, அறிவிப்பு, அணுகல்தன்மை ஆகியவற்றைக் கேட்கும் செயலி உலாவி வழியாகவோ வாட்ஸப் போன்ற செய்திச் செயலி வழியாகவோ வந்தால் நிறுவும்போதே தடுத்துவிடும். பிறகு அது இந்தியாவுக்கும் வந்தது. இதைத்தான் இன்னும் பலப்படுத்த வேண்டும். என் பால் கணக்குச் செயலிக்குக் குறுஞ்செய்தி தெரியாது, இணையம் தெரியாது. அதனால் எதையும் வெளியே அனுப்ப முடியாது என்று போனுக்கே தெரியும். அப்படியிருந்தும், என் பெயர் உங்கள் பதிவேட்டில் இல்லை என்பதற்காக அதை நிறுத்துவது எந்தத் திருடனைப் பிடிக்க?

பெயர் வாங்கினால் திருடன் மாட்டுவான் என்ற நம்பிக்கை எங்கள் நாட்டு அனுபவத்தில் பலிக்கவில்லை. இங்கே வங்கிக் கணக்கு திறக்க ஆதார், பான் எல்லாம் வேண்டும். இருந்தும் ஆன்லைன் மோசடிப் பணம் ஓடுவது வாடகைக் கணக்குகளில்தான். ஒரு மாணவனிடமோ கூலித் தொழிலாளியிடமோ சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து அவர் பெயரில் கணக்கு வாங்கிவிடுகிறார்கள். போலீஸ் வந்து நிற்பது அந்த அப்பாவி வீட்டு வாசலில். நாளைக்கு அதே மாணவனின் அட்டையில் ஒரு செயலியாளர் கணக்கும் வாங்கிவிடுவார்கள்.

பிளே ஸ்டோருக்குள்ளும் இதே கதை நடந்தது. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை நீங்கள் நீக்கினீர்கள் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அவையெல்லாம் உங்கள் கடைக்குள் முறையாக நுழைந்து அடுக்கில் இருந்தவை. தொடர்பு எண்களை அள்ளிக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆபாசப் படம் அனுப்பி மிரட்டியது அந்த மாதிரிச் செயலிகள்தான். உயிரை விட்டவர்களும் உண்டு.

விமான நிலையத்தில் அடையாள அட்டையைப் பார்ப்பது போலத்தான் இது, பையைத் திறந்து பார்ப்பதில்லை என்று நீங்கள் உவமை சொல்லியிருந்தீர்கள். விமான நிலையம் நாலு பேர் வந்துபோகும் இடம், அங்கே கேட்கலாம். பெரியம்மாவின் போன் அவர் பால் காசைச் சேர்த்து வாங்கியது. அவர் வீட்டு மாதிரி. வீட்டுக்குள் யாரை விடுவது என்று எச்சரிக்க உங்களுக்கு உரிமை உண்டு, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் எச்சரியுங்கள். கடைசியில் சரி என்று சொல்வது அவராக இருக்க வேண்டும்.

வழி ஒன்றே ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 மார்ச் 1ஆம் தேதி, கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து நீக்கினீர்கள். சென்னையில் இருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. அரசு தலையிட்ட பிறகு திரும்பி வந்தன. அமைச்சர் பேசக் கூடிய அளவுக்குப் பெரியவர்கள் அவர்கள். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தல் நேரத்தில், அந்நாட்டு அரசின் நெருக்கடியில் எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியின் வாக்காளர் வழிகாட்டிச் செயலியை நீங்களும் ஆப்பிளும் எடுத்தீர்கள். அப்போதுகூட ஆண்ட்ராய்டில் ஏபிகேயை நேரடியாகப் போட்டுக்கொள்ளும் வழி மிச்சம் இருந்தது. அதற்கும் பதிவேடு வந்துவிட்டால், அடுத்து வரும் அரசு செயலியை எடு என்று கேட்காது, அந்தப் பதிவை ரத்து செய் என்று கேட்கும். உங்களிடம் இல்லாத பட்டியலை யாரும் உங்களிடம் கேட்க முடியாது.

எஃப்-ட்ராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2010இலிருந்து இயங்கும் ஆண்ட்ராய்டு செயலிக் களஞ்சியம் அது. நிரல் திறந்திருக்கும் செயலிகளை மட்டும் எடுத்து, தானே கட்டமைத்து, பெரும்பாலானவற்றுக்குத் தன் சாவியாலேயே கையொப்பமிட்டுத் தருகிறது. கணக்கு வேண்டாம், விளம்பரம் இல்லை. இந்த மடலைத் தட்டும் விசைப்பலகை ஹெலிபோர்டு அங்கிருந்து எடுத்ததுதான். இணைய அனுமதியே இல்லாத விசைப்பலகை, தமிழும் வரும். உலகத்தில் எங்கெங்கோ இருந்துகொண்டு எழுதும் தன்னார்வலர்கள் எல்லாரையும் உங்களிடம் பதியச் சொல்ல எஃப்-ட்ராய்டால் முடியாது. அவர்கள் செயலிகளைத் தன் பெயரில் பதிந்துகொள்ளவும் அதற்கு மனமில்லை. இந்த விதி வந்தால் திட்டமே முடிந்துவிடும் என்று 2025 செப்டம்பரில் அவர்களே எழுதிவிட்டார்கள்.

எதிர்ப்பு வந்த பிறகு, நவம்பரில், அனுபவமுள்ள பயனர்களுக்கு ஒரு தனி வழி அமைப்பதாகச் சொன்னீர்கள். கேட்டீர்கள், மாற்றினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அனுபவமுள்ளவர் என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. பெரியம்மாவுக்கு நாற்பது வருட மாட்டு அனுபவம் உண்டு, ஆண்ட்ராய்டு அனுபவம் கிடையாது. அவர் என்னை நம்பிப் போடுகிறார். அந்த வழி எத்தனை திரைகள், எத்தனை காத்திருப்பு என்று நீண்டுகொண்டே போனால் என்னைப் போன்றவர்கள் மட்டும் கடந்துவிடுவோம். யாருக்காக எழுதினோமோ அவர்கள் வெளியே நிற்பார்கள். மாணவர்களுக்கும் ஆசைக்கு எழுதுகிறவர்களுக்கும் கட்டணமில்லாக் கணக்கு என்கிறீர்கள், அதற்கும் போன் எண்ணிக்கையில் வரம்பு வைத்திருக்கிறீர்கள். வரம்பில்லாத கணக்குக்கான 25 டாலர் பதிவுக் கட்டணம் எனக்குப் பெரிய பாரம் இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டால் கொடுப்பதற்கு நான் ஏன் ஒரு நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் உங்களுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தபோது, செயலிகளை நேரடியாக வழங்குவதை எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, இந்த உத்தரவு உட்பட நான்கு உத்தரவுகளை நீக்கியது. அதனால் இந்தியாவில் உங்களைக் கட்டுப்படுத்த இப்போது அந்த உத்தரவு இல்லை. ஆணையமும் இந்த மடலைப் படித்தால் நல்லது.

இந்தியாவுக்கு இந்த விதி வருவதற்குள் நான் கேட்பது இதுதான். ஆபத்தான அனுமதி எதையும் கேட்காத செயலியை, யார் எழுதியதானாலும், ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுங்கள். கேட்கும் செயலியை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்குங்கள், பணத்தை இழந்த அந்த ஆசிரியரை நினைத்துக்கொண்டு நானே கைதட்டுவேன். போன் உரிமையாளரின் சம்மதம் அந்தப் போனுக்குள்ளேயே முடியட்டும், உங்கள் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் என்று வேண்டாம். எச்சரிக்கை வாசகங்களை நல்ல தமிழில் எழுதுங்கள். "இந்தச் செயலி உங்களுக்கு வரும் ஓடிபியைப் படிக்கும்" என்று இருந்திருந்தால் ஆசிரியர் அன்று நிறுத்தியிருப்பார்.

பெரியம்மாவின் போனில் திரை கீறி, பாதி எண்கள் தெரிவதில்லை. தீபாவளிக்குப் புதுசு வாங்கலாம் என்கிறார். பால் கணக்கு அதிலும் வருமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். செயலியின் நிரல் முழுவதையும் யார் கேட்டாலும் தருகிறேன், நீங்கள் கேட்டாலும். சின்னதுதான். உங்களில் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கடைசி வரி வரை படித்துவிடலாம்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன்