திருப்பணி நிறைவு அறிக்கை: மண்டபச் சுவரில் இரட்டைப்புலவர்

நகரத்தார் பெருமக்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். சிவன் கோயில் முன்மண்டபத் திருப்பணி நிறைவடைந்தது. ஒழுகல் அடைத்தது, ஆத்தங்குடிக் கல் பதித்தது எல்லாம் திட்டப்படி நடந்தன. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த புள்ளி வரிக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. ஊரில் அதிகம் பேச்சானது தென்சுவர் ஓவியம்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறோம்.

பழனிக்கு நடப்பவர்கள் இராத்தங்கும் மண்டபம் இது. அதனால்தான் ஊர் ஊராக நடந்து கோயில்களைப் பாடிய இரட்டைப்புலவரைத் தேர்ந்தோம். ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவருக்கு நடை இல்லை. பார்வையற்றவரின் தோளில் மற்றவர் ஏறி வழி சொல்வார். ஒருவர் பாதி வெண்பா பாட, மற்றவர் முடிப்பார். திருவாமாத்தூர்க் கலம்பகம் அவர்கள் பாடியது.

ஓவியர் கொண்டுவந்த முதல் படத்தில் கையில் வீணை இருந்தது. ஆளையே சுமப்பவர் வீணையை எங்கே வைப்பார்? எடுக்கச் சொன்னோம். பார்வையற்றவரின் கண்களை மூடி வரைந்திருந்தார். தியானத்தில் இருக்கும் முனிவர் மாதிரி இருந்தது. அடுத்த படத்தில் கண்ணை வெள்ளையாக விட்டார், பிள்ளைகள் பயந்தார்கள். "கோயில் சுவரில் ஊனத்தைக் காட்டலாமா?" என்றும் சிலர் கேட்டார்கள். அது நியாயமாகப் படவில்லை. ஊனத்தை மறைத்தால் அவர்கள் இரட்டையரே அல்ல.

கடைசியில் வழி சொன்னவர் நம் ஊரிலேயே பார்வை இல்லாத ஒரு பெரியவர். "கண்ணை விடுங்கப்பா. கேக்கிறவன் மூஞ்சியக் கொடுக்கமாட்டான், காதைத்தான் கொடுப்பான்" என்றார். சரி, அப்படியே வரைந்தாயிற்று. முகம் ஒருபக்கம் சாய்ந்து, காது மேலே தோளில் இருப்பவரின் வாய்ப்பக்கம். கை அவர் கணுக்காலைப் பிடித்திருக்கிறது. முன்கால் விரல்கள் தரையைத் தடவுகின்றன.

பக்கத்தில் மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துணி போன கதை. கலிங்கம் (துணி) போனாலும் சொக்கலிங்கம் துணை இருக்கிறார் என்று பாடி முடித்தார்களே, அதேதான்.

வீட்டுச் சுவர் என்றால் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்போம். இங்கே கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும்தான். முதல் பூச்சு காயுமுன் மழை வந்து பொரிந்தது. அவசரப்பட்டது எங்கள் தவறு. அந்தச் செலவைக் குழுவினரே ஏற்றுக்கொண்டோம்.

அப்புறம், பெரியவர் கேட்டபடி ஓவியத்தின் கீழோரத்தில் இருவர் உருவத்தையும் சுதையில் புடைப்பாகச் செய்திருக்கிறோம். அதை மட்டும் தொடலாம். விளக்கைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம் என்று ஆச்சிமாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்