ஆண்டறிக்கை 2024-25: சான்றிதழ்ப் படிப்புகளும் மாணவர் கல்வி உதவியும் (தாராவி, மும்பை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். பொங்கல் விழாவும், திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும், நோட்டுப் புத்தகம் வழங்கும் நிகழ்ச்சியும் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றுக்காக உழைத்த அனைவருக்கும் நன்றி. இந்த ஆண்டு நம் நேரத்தையும் கவலையையும் மிகுதியாக எடுத்துக்கொண்டது வேறொன்று. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த நம் பிள்ளைகளைத் தொழில் கற்றுத்தரும் சான்றிதழ்ப் படிப்புகளில் சேர்ப்பதும், அதற்கான உதவித்தொகை அவர்கள் கைக்கு வந்து சேரச் செய்வதுமே அது. ஆகவே இவ்வறிக்கை முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஆண்டின் முதல் செயற்குழுக் கூட்டத்தில், நாமே ஒரு சமுதாயக் கல்லூரி தொடங்கினால் என்ன என்ற யோசனை எழுந்தது. குறைந்த கட்டணத்தில், அக்கம்பக்கத்துத் தொழில்களுக்குத் தேவையான படிப்பைக் கொடுத்து, அதில் ஒரு பகுதியைப் பட்டறையிலோ மருத்துவமனையிலோ நேரடியாகப் பயிற்றுவிக்கும் இம்முறை நம்மவர்களுக்குப் புதிதன்று. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலேயே இத்தகைய கல்லூரியைத் தொடங்கிவிட்டது, அடுத்த ஆண்டே சென்னையிலும் ஒன்று தோன்றியது. யோசனை நல்லதுதான் என்றாலும், பட்டறையும் பயிற்றுநரும் அரசு அங்கீகாரமும் இல்லாமல் நாம் கொடுக்கும் சான்றிதழ் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தராது என்பதால் அதைக் கைவிட்டோம். இந்நகரில் ஏற்கெனவே இருக்கும் படிப்புகளின் வாசல் வரை பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நம்மால் ஆகக்கூடியது என்று முடிவு செய்தோம். அம்முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன்.

அப்படிப்புகளில் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பு முதலிடம் பெறுகிறது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள். வெல்டரும் கணினி இயக்குநர் படிப்பும் ஓராண்டு. தாதரில் பெண்களுக்கென்றே தனி அரசு ஐ.டி.ஐ. இருப்பது நம் பெற்றோர் பலருக்கு இந்த ஆண்டுதான் தெரியவந்தது. பத்தாவதுக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும், மாட்டுங்கா, பரேல் ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸ் எனப்படும் தொழில் பழகுநர் தேர்வுக்குத் தனியாக எழுத்துத் தேர்வு இல்லை, பத்தாவது மதிப்பெண்ணும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணுமே பார்க்கப்படுகின்றன என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னோம். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் ஊறிக் கிடக்கிறது. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் எழுந்து தம் கதையைச் சொன்ன பிறகுதான் தாய்மார்கள் சிலர் விண்ணப்பம் கேட்டு வந்தார்கள்.

பத்தாவதில் தவறியவர்களைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பினோம். 1989 முதல் நடக்கும் அந்த நிறுவனத்தில் ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகள் வரை, ஆண்டுக்கு இரண்டு பருவங்களில், ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதித் தேறலாம். முன்பு தேறிய பாடங்களில் இரண்டை அப்படியே மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. பகலில் தோல் பட்டறையிலும் தையல் கடையிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ் என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றுகளைப் பற்றியும் பொதுக்குழு அறிய வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் மகன், தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் பெருந்தொகை கட்டி டிப்ளமோ வாங்கினார். வேலைக்குப் போன இடத்தில் அந்தத் தாள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இத்தகைய இடங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சான்றிதழ் தருபவருக்கு என்.சி.வி.இ.டி. எனப்படும் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்பது முதல் கேள்வி. எத்தனை மணி நேரப் படிப்பு என்பது அடுத்தது. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல். ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாதம் நடத்தினால் 90 மணி நேரம்தான் ஆகும். அது மூன்று கிரெடிட்டுக்கு மேல் போகாது. அதை டிப்ளமோ என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கட்டக் கூடாது. மாநில அரசு வேலைகளுக்குக் கேட்கப்படும் கணினிச் சான்றிதழான எம்.எஸ்.சி.ஐ.டி.யை மட்டும் அதற்குரிய அங்கீகார மையங்களில் தயங்காமல் படிக்கலாம்.

இனி உதவித்தொகை. திட்டங்களுக்குக் குறைவில்லை. மாநகராட்சிப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிப்பவர்கள் என்.எம்.எம்.எஸ். எனப்படும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தொழில்நுட்ப டிப்ளமோவில் சேரும் பெண்களுக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை. இவ்விரண்டுக்கும் சாதிச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதால் நம்மவர்கள் முதலில் முயல வேண்டியவை இவையே. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த வித்யாலட்சுமி கடன் திட்டத்தைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். அது தரவரிசையில் முன்னிற்கும் குறிப்பிட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேருவோருக்கானது, ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அது உதவாது. திறன் பயிற்சிகளுக்கென்று உள்ள மாதிரித் திறன் கடன் திட்டத்தின் உச்சவரம்பு 2024 ஜூலையில் 1.5 லட்சத்திலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. கேட்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பணத்தை இழந்தது திட்டம் தெரியாமல் அன்று, தாக்லா என்று இங்கே சொல்லப்படும் அரசுச் சான்றிதழ் இல்லாமல்.

மகாராஷ்டிர அரசு சாதிச் சான்றிதழ் வழங்கும்போது, குறிப்பிட்ட நாளுக்கு முன்பே குடும்பம் இம்மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறது. பட்டியல் சாதியினருக்கு அந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. விண்ணப்பிப்பவரின் சமூகம் இம்மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அதே சலுகையைக் கோர முடியாது என்று, ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பத்தின் மாணவர் ஒருவர் இதே மும்பையில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஊரிலிருந்து வாங்கிவந்த சான்றிதழை இங்கே நீட்டி, அதிகாரியோடு வாதிட்டுப் பயனில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்து நான்கு தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பங்களுக்கு உரிமை இருந்தும், அதை மெய்ப்பிக்கும் தாள் மழையிலும் தீயிலும் வீடு மாறியதிலும் போய்விட்டது என்பதே வேதனை. பாட்டனார் படித்த பள்ளியின் பதிவேடு, மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு, மில் அல்லது ரயில்வே வேலைக் காகிதம் போன்றவை ஆதாரமாக உதவும் என்பதால், இந்த ஆண்டு நம் தன்னார்வலர்கள் பழைய பள்ளிகளுக்கு நடந்து நடந்து சில குடும்பங்களுக்கு அவற்றைத் தேடி எடுத்தார்கள். ஒரு தாத்தாவின் பெயரைப் பழைய பதிவேட்டில் கண்டுபிடித்த அன்று அவருடைய பேத்தி அழுதுவிட்டாள்.

இரண்டாவது இடர் நம் பெயர்முறை. நமக்கு முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. இங்குள்ள படிவமோ பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறது. பள்ளியில் முதலெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் தந்தையின் முழுப்பெயரோடு ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி ஒரு பெயர் என்று ஒரே பிள்ளை மூன்று பேராகிவிடுகிறது. மாநில அரசின் உதவித்தொகை இணையதளமான மஹாடிபிடியில் ஆதார் பெயரும் மதிப்பெண் பட்டியலும் பொருந்தாததால் ஒரு மாணவியின் விண்ணப்பம் நின்றுபோனது. அரசிதழில் பெயர் மாற்றம் செய்து முடிப்பதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. அப்பெண்ணின் முதலாண்டுக் கட்டணத்தை நம் சங்கம் கட்டியது. பத்தாவது தேர்வு விண்ணப்பம் போவதற்கு முன்பு பள்ளியிலேயே திருத்தியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. உதவித்தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு அன்றி, ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகிறது. வராத பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த ஒரு குடும்பத்துக்கு, அது மறந்துபோன பழைய கணக்கில் கிடந்தது.

இவ்விடத்தில் செயலாளர் என்ற முறையில் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். நாம் உதவி மையத்தைத் திறந்தது தேர்வு முடிவு வந்த பிறகுதான். வருமானச் சான்று, டொமிசைல் எனப்படும் குடியிருப்புச் சான்று, பெயர்த் திருத்தம் எல்லாவற்றுக்கும் தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் நெரியும் நேரம் அது. டொமிசைலுக்குப் பதினைந்தாண்டு குடியிருப்பைக் காட்ட வேண்டியிருப்பதால், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் பெரிதும் தவித்தன. காலத்தே தொடங்காத தவறு என்னுடையது.

எனவே செயற்குழு இரண்டு தீர்மானங்களைப் பரிந்துரைக்கிறது. எட்டாம் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு திறந்து, பெயர், ஆதார், பள்ளிப் பதிவு, குடியிருப்புச் சான்று, குடும்பத்தின் பழைய ஆவணம் ஆகியவற்றை அந்த ஆண்டே சரிபார்த்து முடிப்பது முதல் தீர்மானம். நோட்டுப் புத்தகங்களை எல்லாருக்கும் வழங்குவதை நிறுத்தி, தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுத்து, மிச்சப்படும் தொகையில் சுழல்நிதி ஒன்றை ஏற்படுத்தி, உதவித்தொகை வரும்வரை சேர்க்கைக் கட்டணத்துக்கு வட்டியில்லாமல் முன்பணம் தருவது இரண்டாவது. நோட்டுப் புத்தக விழா பலருக்கு நெருக்கமானது என்பதை அறிவேன். ஆயினும் சேர்க்கை நாளன்று கையில் பணமில்லாமல் திரும்பும் பிள்ளைக்கே நம் நிதி முதலில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மராத்தியில் மனு எழுதத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு மாலை நேரத்தையேனும் தர வேண்டும். வீட்டுப் பரணில் பழைய காகிதம் வைத்திருப்பவர்கள், எவ்வளவு கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாமல் அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்விரு தீர்மானங்களோடு இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்