பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்

கண்டி
ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை

அன்பு மச்சான் ரவிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன். மூன்றும் பொய். உன் மகள் கயலைப் பற்றி நீ கேட்டதற்கு நீ விரும்புகிற பதில் என்னிடம் இல்லை, அதுதான் இழுத்தடித்தேன். இப்போது எழுதாமல் இருக்க ஏலாத மாதிரி ஒன்று நடந்துவிட்டது.

நாங்கள் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால், எனக்குக் காது. 32 வருஷம் குளோரின் தண்ணீர் போய் வந்த காது, இனி என்ன செய்வது. நம் கூட்டாளி கொட்டாவி ஒருவழியாக மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டான். தாலி கட்டுகிற நேரத்தில் அவன் வாயைத் திறந்ததை வீடியோக்காரன் சரியாகப் பிடித்துவிட்டான். வாத்து விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது. நீ வந்து சொன்னால்தான் உண்டு.

சரி, விஷயம் இதுதான். போன மாதம் காலேஜ் பூலில் டைவிங் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

கோச் வேலையிலிருந்து எனக்குப் பிரியாவிடை வைத்த அதே வாரம். திங்கட்கிழமை மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். 32 வருஷம் ஸ்டொப்வோச் பிடித்தவனுக்குச் சுவர்க்கடிகாரம்! யாருடைய யோசனையோ, வாழ்க. வியாழக்கிழமை லொக்கரைக் காலி செய்யப் போனால், மூன்று மீட்டர் ஸ்டாண்ட் மொட்டையாக நிற்கிறது. துரு ஏறிவிட்டதாம், யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்களாம், ஆழமான பக்கத்தை மண் போட்டு உயர்த்திச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆக்கப் போகிறார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று நானே பத்து வருஷம் கத்தியிருக்கிறேன். அதனால் வாயைத் திறக்கவும் முடியவில்லை.

பழைய இரும்புக்காரன் லொறியோடு வந்து கிலோ விலை பேசிக்கொண்டிருந்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, "அதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசனை வந்தது. 16 அடி நீளம் மச்சான். 20 அங்குல அகலம், முழு அலுமினியம். அதே லொறிக்காரனுக்குக் காசு கொடுத்துக் கட்டுகஸ்தோட்டைக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். முன்கதவால் நுழைத்தோம், ஹோலைத் தாண்டி, குசினியைத் தாண்டி, ஜன்னலால் இரண்டடி வெளியே நின்றது. உன் தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அதன் மேல் மிளகாய் காயப் போட்டாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி உன் கேள்வி. கயல் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல், அந்த யூனிவர்சிட்டியிலேயே டைவிங் அணிக்கு உதவிக் கோச்சாக நிற்கப் போகிறேன் என்கிறாள். "நீயே அந்தத் தொழிலில் கஷ்டப்பட்டவன், அவளுக்கு நாலு வார்த்தை சொல்லித் திருத்து" என்று எழுதியிருந்தாய். ஏனடா, கயல் என்று மீன் பெயரை வைத்துவிட்டு இப்போது தண்ணீரிலிருந்து ஏறு என்றால் அவள் எங்கே போவாள்?

கஷ்டத்தை நான் மறைக்க மாட்டேன். அவள் சேர்ந்த புதிதில் நீ போனில் விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்கக் காலேஜ் விளையாட்டின் முதல் பிரிவில் அப்போது பெண்கள் நீச்சல், டைவிங் இரண்டுக்கும் சேர்த்து ஒரு அணிக்கு 14 முழு உதவித்தொகை, ஆண்களுக்கு 9.9, அதை அணியில் இருக்கிற அத்தனை பேருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள் என்று. அந்தப் புள்ளி ஒன்பது எந்தப் பையன் என்று கேட்டுச் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் பெயர் பதிகிற செக்ரோல்தான் ஞாபகம் வந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். அமெரிக்காவுக்குப் போயும் நம் பிள்ளைக்கு அரைப்பேர்தானா என்று ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது.

நிரந்தரமும் கிடையாது. பட்டர்ஃப்ளை நீச்சல் எங்கே உருவானது தெரியுமா? 1930களில் அயோவா யூனிவர்சிட்டியில், ஆம்ப்ரஸ்டர் என்ற கோச்சும் அவருடைய மாணவன் ஜாக் சீக்கும் சேர்ந்து, இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலாக வீசி, காலை மீன் வால் மாதிரி அடித்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. 1956இல் அது ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாகவே வந்துவிட்டது. அதே அயோவா 2020இல் ஆண்கள் நீச்சல், டைவிங் அணியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. பட்டர்ஃப்ளையைப் பெற்ற வீட்டுக்கே அந்தக் கதி. இங்கே ஒரு பலகை போனதற்கு நான் ஒப்பாரி வைக்கிறேன்.

என் கதை உனக்குத் தெரியும். கோச்சாக யார் என்னைச் சேர்த்தார்கள்? பூல் கழுவத்தான் சேர்த்தார்கள். நம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்து நீச்சலை வைத்துக்கொண்டு வந்தவன் நான். தண்ணீர் வற்றிப் பழைய மஸ்கெலியாக் கோவில் தலை காட்டுகிற காலத்தில் அந்தச் சுவரில் ஏறிக் குதித்ததற்குச் சுருட்டு மாஸ்டர் அடித்த அடி, இப்போதும் குளிர் காலத்தில் முதுகில் தெரியும். ஆனந்தன் செத்துப்போன செய்தியை ரேடியோவில் கேட்டது அணைக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதுதானே? 1984 ஆவணி. பாக்கு நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பி நீந்திய மனிதனை ஆங்கிலக் கால்வாய் கொண்டுபோய்விட்டது. அன்று நீ "இனி நான் தண்ணீரில் இறங்க மாட்டேன்" என்றாய், சொன்னபடி கனடா வரை போனாய். எனக்கு மட்டும் ஏனோ எதிர்ப்பக்கமாக இழுத்தது.

இண்டியானா யூனிவர்சிட்டியில் கவுன்சில்மன் என்று ஒரு கோச் இருந்தார், ஒலிம்பிக் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸின் கோச். அதே கால்வாயை 1979இல் நீந்திக் கடந்தார், 58 வயதில். எனக்கும் இப்போது 58. நான் லொக்கரைக் காலி செய்திருக்கிறேன்.

பூல் கழுவியவன் லைஃப்கார்ட் ஆகி, உதவிக் கோச் ஆகி, பிறகு கோச் ஆனேன். காலை ஐந்தரைக்கு மூடுபனிக்குள் நிற்க வேண்டும். போட்டிக்குத் தண்ணீர் 25 டிகிரிக்கும் 28க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று விதி. தை மாதத்தில் நம் பூல் 22. உதடு நீலமாக ஏறி வருகிற பிள்ளைகளுக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீ. கேத்தலையும் கோச்தான் தூக்குவான். சம்பளம் அரசாங்கக் கணக்கிலும் இல்லை, பென்ஷனும் இல்லை. "சேர், என் மகன் ஏன் ரிலேயில் இல்லை" என்று கேட்டு வருகிற தகப்பன்மார் தனி.

ஆனால் மச்சான், நீச்சல் கோச் வேலை வேறு, டைவிங் கோச் வேலை வேறு. இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், கயலுக்கும் உனக்கு விளங்கப்படுத்தப் பொறுமை இருந்திருக்காது. நீந்துகிறவனுக்குக் கோச் தேவைப்படுவது பயிற்சியில். போட்டியில் விசில் அடித்த பிறகு அவன் காதில் தண்ணீர், நீ கரையில் துள்ளினாலும் ஒன்றுதான். டைவிங் அப்படி இல்லை. பலகையை விட்டு எழும்பினால் தண்ணீரைத் தொட ஒன்றரை வினாடி. அதற்குள் சுருண்டு இரண்டரைச் சுற்று சுற்றுகிற பிள்ளைக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. வானம், தண்ணீர், வானம், தண்ணீர் என்று மின்னும். நாங்கள் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் மேல் பீய்ச்சுவது அதற்குத்தான். கண்ணாடி மாதிரி கிடந்தால் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அப்படியும் புதிதாக ஒன்றைப் பழகும்போது கண் ஏமாற்றும். கரையில் நிற்கிற கோச்தான் பார்த்து, உடம்பை விரிக்க வேண்டிய கணத்தில் ஒரு சத்தம் போட வேண்டும்.

நான் "விடு!" என்பேன். சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, எல்லோருக்கும் அதே விடுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் காலேஜில் எல்லோரும் பிழையில்லாமல் கற்ற ஒரே தமிழ்ச் சொல் அது என்று நினைக்கிறேன். சரியான நேரத்தில் விட்டால், உடம்பு தண்ணீருக்குள் போகிற சத்தம் புடவைக் கடைக்காரன் புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். தெறிப்பே இருக்காது. அந்தச் சத்தத்துக்காக நான் இன்னும் 32 வருஷம் கேத்தல் தூக்குவேன்.

ஒருமுறை பிந்திவிட்டேன்.

இதை உன் தங்கச்சிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. பதினான்கு வயதுப் பையன், நல்ல கெட்டிக்காரன். ரிவர்ஸ், அதாவது முன்னால் பாய்ந்து பின்பக்கமாகச் சுற்றுவது, பழகிக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் யாரோ "சேர்" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை, மச்சான், சத்தியமாகத் திரும்பவில்லை. காது மட்டும்தான் திரும்பியது. "விடு" என்று சொல்லும்போது நேரம் போய்விட்டது. முதுகு தட்டையாக விழுந்தான். பத்து மீட்டர் மேடையிலிருந்து விழுந்தால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். இது மூன்று மீட்டர்தான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. முதுகு முழுக்கச் சிவந்து, மூச்சு எடுக்க முடியாமல், கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நீங்கள் சொல்வதற்காகக் காத்திருந்தேன் என்கிற மாதிரிப் பார்வை. அதற்குப் பிறகு பலகையில் ஏறவில்லை. இப்போது கணக்காளர். தீபாவளிக்குத் தவறாமல் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறான். ஒவ்வொரு முறையும் திறக்க ஐந்து நிமிஷம் ஆகும் எனக்கு.

கயலுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். சம்பளத்தைப் பற்றி நீயே சொல்லு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல. சாமி லீ என்று ஒரு டைவர். கொரியாக்காரப் பெற்றோர், கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். பஸடீனாவில் இருந்த பூலில் வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி. மற்ற நாள்களில் என்ன செய்வது? அவருடைய கோச் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய குழி வெட்டி, மணலைக் கொட்டி, அதற்கு மேலே ஒரு பலகையை நிறுத்தினார். சாமி மணலில் குதித்துக் குதித்துப் பழகினார். 1948இல் லண்டனில் பத்து மீட்டர் மேடையில் தங்கம். 1952இல் ஹெல்சிங்கியில் திரும்பவும் தங்கம், அதுவும் தன்னுடைய 32ஆவது பிறந்தநாளில். பிறகு காது டாக்டராக இருந்துகொண்டே பிள்ளைகளைப் பழக்கினார். 1976 ஒலிம்பிக்கில் லுகானிஸ் என்ற பதினாறு வயது டைவர் வெள்ளி எடுத்தபோது கோச் இவர்தான். காது டாக்டர் என்றதும் எனக்கு இன்னும் பிடித்துப்போனது, என் காரணம் உனக்குத் தெரியும்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பூலில் எத்தனையோ பிள்ளைகள். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். இரண்டு கை வேண்டாம். சுற்றி எங்கே பார்த்தாலும் நீர்த்தேக்கம், ஆறு, அருவி. நீந்தத் தெரிந்த பிள்ளை லயத்துக்கு ஒன்று இருக்காது. சம்பளம் வாங்குகிற காலத்தில் அதை நினைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அல்லது நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

போதும். கயலை எனக்கு நேராக எழுதச் சொல். தடுக்க மாட்டேன் என்று முதலே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கோபம் என்றால் போனில் திட்டு, உன் காசுதானே. அவள் லீவில் வந்தால் இங்கே ஒரு கிழமை விட்டுவிட்டுப் போ. ஹோஸ் பிடிக்க ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. நேற்று அரை கியூப் மணல் வந்து இறங்கியது. உன் தங்கச்சி எதற்கு என்று கேட்டாள், பாத்ரூம் உடைத்துக் கட்டப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சந்தோஷமாக டைல்ஸ் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் மட்டும் பின்பக்கத்துப் பழைய டயர்களையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கின்றன. நீ போன் எடுத்தால் மணலைப் பற்றி வாய் திறக்காதே.

அன்புடன்,
சந்திரன்